தற்செயலாக மோத உத்தரவு

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் பந்தியில் பாதியில் கழன்று விழட்டும். வெற்றுத்தாள் கொடுத்தால் கீழே கையெழுத்துகூடப் போட்டுத் தருகிறேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த விஷயத்தில் கூட்ட வேண்டியதையெல்லாம் அலுவலகமே கூட்டிவிட்டதால் எனக்கு வேலையே வைக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பாதி ஊர் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான் மீதி ஊரைப் பார்த்தது. அவரிடம் ஒரு பழைய கார். அதன் முன்பக்க இடது மட்கார்டில் ஒரு ஒடுக்கு. உள்ளே ஒரு கிண்ணத்தைப் பொருத்தி வைக்கலாம், அந்த அளவு.

அந்த ஒடுக்குக்கு ஒரு கதை உண்டு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாளாம், இவர் இரக்கப்பட்டுச் சாவியைக் கொடுத்தாராம், அவள் நேராக வீட்டு கேட் தூணில் கொண்டுபோய் முட்டினாளாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நடித்தே காட்டுவார். மனைவியாக அலறுவார், தூணாக நிற்பார், கடைசியில் மன்னித்த கணவராகப் பெருமூச்சு விடுவார். சொல்லிச் சொல்லி அது நடந்ததாகவே அவருக்கு ஆகிப்போயிற்று.

மனைவி ஒரு லாரி டிரைவரின் மகள். ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தாள். எல்லாரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அப்புறம் டீத் தட்டோடு கதை முடியும்வரை பேசாமல் நிற்கப் பழகிக்கொண்டாள். ஒடுக்கு விழுந்த நாளிலிருந்து கார் சாவி அவர் இடுப்பில். குளிக்கப் போனாலும் இடுப்பில்.

இப்படி இருக்கையில் ஊரில் பழைய கார்களுக்கு அலங்காரம் செய்யும் மோகம் பிடித்தது. பல் டாக்டர் தன் காருக்குக் கொம்பு வைத்தார் என்று கேள்விப்பட்டதும் கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. காரை டிங்கரிடம் விட்டார். தகரத்தோடு மல்லுக்கட்டும் தொழில் என்பதால் ஊர் அவனுக்கு வைத்த பெயர் சுத்தியல். சுத்தியல் வண்டியின் பின்னால் இரண்டு சுறாமீன் சிறகு பற்ற வைத்தான். முன்னால் பறக்கத் தயாராக ஒரு நிக்கல் கழுகு. விளக்குகளுக்கு இமைமுடி. வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில், கேட்காமலேயே, அந்த ஒடுக்கையும் தட்டி எடுத்துவிட்டான்.

உருவம் மாறிய வண்டி சாலையில் ஓடலாமா என்று போக்குவரத்து அலுவலகம் சான்று தர வேண்டும். கடைக்காரர் சிறகை நினைத்து நடுங்கிக்கொண்டுதான் போனார். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். சிறகைப் பார்த்து 'அலங்காரம்' என்று எழுதினார். கழுகைப் பார்த்து, 'பறவை. பறக்காதவரை ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். இமைமுடி சிமிட்டுமா என்று விசாரித்தார். சிமிட்டாது என்றதும் கொஞ்சம் ஏமாந்துபோனார். பிறகு கோப்பில் இருந்த பழைய படத்தை எடுத்துக்கொண்டு இடது மட்கார்டு பக்கம் போனவர், தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் கறுத்து நிமிர்ந்தார்.

"ஒடுக்கு எங்க?"

"எடுத்தாச்சு சார்."

"யாரக் கேட்டு?"

சேர்த்தால் அலங்காரம், எடுத்தால் உருமாற்றம். இது விதி. பதிவேட்டில் உள்ள வண்டிக்கு ஒடுக்கு உண்டு. எதிரே நிற்கும் வண்டிக்கு இல்லை. ஆகவே பதிவேட்டில் உள்ள வண்டி காணாமல் போய்விட்டது. எதிரே நிற்பது இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத வண்டி சாலையில் ஓடுவது பொதுமக்கள் நலனுக்கு விரோதமானது என்பதால், ஒடுக்கு திரும்பி வராவிட்டால் மேற்படி வண்டியை எந்திரத்தில் போட்டு நசுக்கிவிட வேண்டியது என்று இன்ஸ்பெக்டர் மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார்.

"நசுக்கினாலே ஒடுக்கு வந்துடுமே சார்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "வரும். ஆனா எல்லா எடத்துலயும் வரும். அதுக்கெல்லாம் நீங்க அனுமதி வாங்கல."

கடைக்காரர் சுத்தியலிடம் ஓடினார். சுத்தியல் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் முழுக்கத் தட்டி, பார்த்தவர் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஒரு ஒடுக்கு போட்டான். இன்ஸ்பெக்டரே வேலைப்பாட்டைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு நிராகரித்தார். இது வேண்டுமென்றே போட்டது, அசல் ஒடுக்கு தற்செயலாக விழுந்தது, இரண்டும் ஒன்றாகாது என்றார். சுத்தியல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டி நேராக்கினான். தொழிலில் அவன் அழுதது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. மேற்படி வாகனம், மேற்படி கேட் தூணில், மேற்படி ஓட்டுநரால், வரும் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அலுவலர்கள் முன்னிலையில் தற்செயலாக மோத வேண்டும். ஒத்திகை அனுமதிக்கப்படாது. மேற்படி ஓட்டுநர் யார் என்று கேட்டதற்கு, என் மனைவிதான் என்று கடைக்காரர் சொல்லி, அலுவலக வராந்தாவிலேயே முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். தூணாக நின்ற இடத்தில் குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை தெருவே கூடிவிட்டது. மாடியில் சொந்தக்காரர்கள். தெருமுனையில் வண்டியை நசுக்க இழுத்துப்போகும் லாரி, எஞ்சினை அணைக்காமல். கடைக்காரர் அந்த லாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மனைவியிடம் கொடுத்தார்.

அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், கிளப்பினாள். தபால் உறைக்குள் கடிதம் நுழைகிற மாதிரி வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. தெரு கைதட்டியது. இன்ஸ்பெக்டர் முறைத்தார். மறுபடி என்றார். இந்தத் தடவை ரிவர்ஸில் நுழைத்தாள். மறுபடி. ஒரு கையால் ஸ்டியரிங்கை வளைத்து, மறுகையால் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி நுழைத்தாள்.

"அம்மா, சட்டத்துக்கு ஒத்துழைங்க."

"நான் என்ன சார் பண்றது, தூண் தள்ளி நிக்குதே."

"கொஞ்சம் கவனக்குறைவா ஓட்டுங்க."

"எங்கப்பா அத மட்டும் சொல்லித் தரல சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, 'ஒடுக்கு விழ மறுப்பு' என்று எழுதப் போனார். தெருமுனையில் லாரி கியர் போடும் சத்தம் கேட்டது. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நீ எறங்கு. ஒரு தூண இடிக்கக்கூடத் தெரியல. எப்படி இடிக்கணும்னு நான் காட்டுறேன்."

ஏறினார். தூணையே குறி வைத்துத்தான் வந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதி வழியில் கண் மேலே கண்ணாடிக்குப் போயிற்று. கண்ணாடியைக் கண்டதும் கை மீசைக்குப் போயிற்று. மீசையின் இடது நுனி கொஞ்சம் சரிந்திருந்தது. அதை முறுக்கி நிமிர்த்தினார். முகத்தில் ஒரு திருப்தி. அப்போது அவருக்குத் தூணும் நினைவில் இல்லை, அலுவலகமும் நினைவில் இல்லை.

டமார்.

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே ஆழம். அதே சாய்வு. ஓரத்தில் கோழிக்கால் மாதிரி மூன்று மடிப்பு, அதுகூட. எழுந்து நின்று, "இதுதான் அசல்" என்றார். நிக்கல் கழுகு பறந்துபோய் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியில் இறங்கியது. 'பறவை பறந்துவிட்டது' என்று அதையும் எழுதிக்கொண்டார். பிறகு விதிப்படி சான்றை உரக்கப் படித்தார். அதில் ஒரு வரி: ஒடுக்கை உண்டாக்கியவர், கணவர்.

இருபத்தாறு வருஷமாகச் சிரித்த மாடிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் திடீரென்று வானத்தைப் பார்த்தார்கள்.

மனைவி கத்தவில்லை. உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"இல்ல, அது வந்து..."

"கவர்மெண்டே சீல் வச்சுடுச்சு. குடுங்க."

கொடுத்தார்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு காரியம் ஒழுங்காக நடந்துவிட்டால் அலுவலகம் சும்மா இருக்குமா? ஊரில் உள்ள ஒடுக்குகள் அனைத்தும், உண்டாக்கியவர் பெயரோடு, மோதிக் காட்டிச் சரிபார்க்கப்படும் என்று அறிவித்தார்கள். உடனே அதுவே மோகமாயிற்று. சான்று பெற்ற ஒடுக்குக்குப் பித்தளைத் தகடு அடித்தார்கள். ஒடுக்கில்லாத புதுக்காரில் போகக் கூச்சப்பட்டு, பெரிய மனிதர்கள் விடியற்காலையில் தூண் தேடி அலைந்தார்கள். சுத்தியல் 'ஒடுக்கு எடுக்கப்படும்' என்ற பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு மரத்தடியில் படுத்துக்கொண்டான். தற்செயலுக்கு அவன் தேவைப்படவில்லை.

சரிபார்ப்பு வீடு வீடாக நடந்தது. எந்த வீட்டிலும் மனைவி மோதவில்லை. எல்லா வீட்டிலும் கணவரே ஏறி மோதிக் காட்டிக்கொடுத்தார். சாவிகள் கைமாறின. கடைசியில் இன்ஸ்பெக்டரின் அலுவலக ஜீப்பின் முறை வந்தது. பின்னால் பெரிய ஒடுக்கு. அதற்காக அதன் டிரைவரை எங்கோ கோடிக்கு மாற்றியிருந்தார்கள். அவரை வரவழைத்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். பாவம், காலை முழுக்க எடுத்தார். ஒரு கீறல் விழவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போயிற்று.

"யோவ், எறங்குய்யா. நான் காட்டுறேன்."

அன்று சாயங்காலமே, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கைமாறிய சாவிகளைத் திரும்பப் பெறுவது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இன்றைக்கும் அந்த ஊரில் எந்தக் காரை வேண்டுமானாலும் பாருங்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் காய்கறிப் பையோடு, நன்றாக முறுக்கிய மீசையோடு ஒரு ஆண் உட்கார்ந்திருப்பார். உங்கள் வண்டியிலும் ஒரு ஒடுக்கு இருக்குமே, அதை யார் செய்தது என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் இதையெல்லாம் யார் சொன்னது என்று வெளியில் மூச்சு விடாதீர்கள். சரி, நான் கிளம்புகிறேன். வாசலில் ஹாரன் அடிக்கிறாள். தாமதித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாள்.