முழுப்பெயர் சொல்லாத கம்ப்யூட்டர்

"பேரைக் கேட்டா முழுசாச் சொல்லித் தொலையேன்!" என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான் சிஸ்டம்காரன்.

திரை அசையவில்லை. மறுபடியும் 'வரை' என்று மட்டும் சொன்னது.

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் 'வரை' என்ற பெயரில் இரண்டு கம்ப்யூட்டர்கள். பழையது தெருக்கோடிக் கிடங்கில். விற்பதற்குமுன் அதை முழுக்க அழிக்க வேண்டும். புதியது மாடியில், வரைபட அக்காவின் மேஜையில். புது ஆஸ்பத்திரியின் வரைபடம் மொத்தமும் அதில்தான். பெயரை மாற்றினால் வரைபடங்களின் இணைப்பெல்லாம் அறுந்துவிடும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றதால், புதியதற்கும் பழைய பெயரே வாய்த்தது. முழுப்பெயரில்தான் வித்தியாசம். ஒன்று வரை.கிடங்கு, மற்றது வரை.மாடி.

வெயிலில் யார் நடப்பது? இருந்த இடத்திலிருந்தே 'வரை'க்குள் நுழைந்து ஒரு ஸ்கிரிப்டை, அதாவது தானே ஓடும் கட்டளைத் தொகுப்பை, ஓடவிட்டிருந்தான். முழுப்பெயர் வரை.கிடங்கு என்று வந்தால் அழி, இல்லையென்றால் தொடாதே.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "போன வாரம் என் மெயிலைக் காலி பண்ணின. இன்னொரு தப்பு நடந்தா வீட்டுக்குக் கிளம்பிடு தம்பி. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க வரைபடம் பார்க்க வர்றாங்க."

"இந்தத் தடவை முழுப் பேரையும் சரிபார்க்காம விரலை வைக்க மாட்டேன் சார்."

பெயர் கேட்கும் கட்டளையை, முழுப்பெயரையே கேட்கும்படி திருத்தினான். 'லோக்கல்ஹோஸ்ட்' என்றது திரை; எந்தக் கம்ப்யூட்டரும் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் பொதுப்பெயர்.

"நீ யாருன்னு கேட்டா, நான் நான்தான்ங்கிறியே!" என்று அதிர்ந்தான்.

கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கும் சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டான். ஆபீஸ் முழுக்க நெட்வொர்க் செத்தது.

"எவன்டா வயரைப் பிடுங்கினது?" மேனேஜரின் குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தது.

"என் மெஷின் உறைஞ்சு போச்சு! நான் சாப்பிடப் போறேன், வர்றதுக்குள்ள சரி பண்ணி வை தம்பி" என்று அக்கா டப்பாவோடு இறங்கிப் போனாள்.

சர்வர் உயிர்பெற்றதும் மறுபடி 'வரை'க்குள் நுழைந்து கேட்டான். இப்போது அரைப்பெயர்கூட வரவில்லை. வெறும் பிழைச்செய்தி!

சட்டென்று மூளையில் பொறி தட்டியது. அந்தக் கம்ப்யூட்டரின் பெயர்க் கோப்பைத் திறந்து, 'வரை.கிடங்கு' என்று தன் கையாலேயே எழுதிச் சேமித்தான். ஸ்கிரிப்டைத் தட்டினான்.

'முழுப்பெயர்: வரை.கிடங்கு.'

"அப்படி வா வழிக்கு!"

அழிப்பு மளமளவென்று ஓடி முடிந்தது.

"பேரைப் பார்த்தியா?" என்றார் வந்து நின்ற மேனேஜர்.

"அதுவே தன் வாயால சொல்லுச்சு சார். கிடங்கு மெஷின் துடைச்ச பலகை மாதிரி சுத்தம்!"

மேனேஜர் முதன்முறையாக அவன் தோளைத் தட்டினார்.

கிடங்குச் சாவியைக் கொடுக்க வந்த காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிடங்கு கம்ப்யூட்டரா? அதை நேத்தே பழைய சாமான்காரர் வண்டியில ஏத்தி அனுப்பிட்டேனே... நீங்க எதைச் சார் துடைச்சீங்க?"