மூன்றே நாளில் நான்கு சென்டிமீட்டர்

குழந்தைகளை வளர்க்க உலகம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். பெற்ற தாய்மார்கள் வருடக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். அப்படியும் சில பிள்ளைகள் வளர அடம்பிடிக்கின்றன. ஆனால் இருபத்திரண்டு குழந்தைகளை மூன்றே நாளில், ஆளுக்கு நான்கு சென்டிமீட்டர், ஒருவருக்குக்கூட ஓரவஞ்சனை செய்யாமல் வளர்த்துக் காட்டிய பெருமை வளர்ச்சி அலுவலகம் ஒன்றுக்கே உரியது. அந்த மகத்தான சாதனையை உணராமல் குறை சொன்ன ஒரே ஆள் அந்தக் குழந்தைகளுக்குச் சோறு போட்ட அக்காதான்.

அக்கா சந்து முனை ஊட்டச்சத்து மையத்தின் பொறுப்பாளர். அடுப்பு மூட்டுவது, ஊட்டுவது, மூக்குத் துடைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவள்தான். அங்கே வரும் பிள்ளைகள் எல்லாருமே வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பதிவேட்டில் அவர்களுக்குச் சிவப்பு மை. அதிலும் கடைக்குட்டி பட்டாணிக்கு வயது மூன்று. எண்பத்தேழு சென்டிமீட்டராவது இருக்க வேண்டிய உயரம் எண்பத்து மூன்றில் நின்று ஆறு மாதமாக நகரவில்லை. உயரம் பார்க்கச் சுவரில் தரையிலிருந்து மேலே ஓர் அளவுகோலைப் பெயிண்டர் வரைந்துவிட்டுப் போயிருந்தார். 

பிறகு அலுவலகத்திலிருந்து தினம் ஆளுக்கொரு முட்டை வர ஆரம்பித்தது. அக்கா அதோடு பருப்பும் கீரையும் மசித்துப் பிசைந்து ஊட்டினாள். மூன்று மாதத்தில் பட்டாணி எண்பத்து நான்கைத் தொட்டாள். ஒரே ஒரு சென்டிமீட்டர். அக்கா அதை மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பெரிய மனிதர் கால் வைக்கிற இடம் வெடித்த சிமெண்டாக இருக்கலாமா? உடனே ஆட்கள் வந்தார்கள். பழைய தரையை இடிக்க நேரமில்லை என்று அதன் மேலேயே கலவை கொட்டி, வழவழவென்று டைல்ஸ் பதித்து, மூன்று நாளில் முடித்துவிட்டார்கள். சுவரில் இருந்த அளவுகோலை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் கீழ்முனை நான்கு சென்டிமீட்டர் டைல்ஸுக்குள் புதைந்துபோனது.

இயக்குநர் வந்தார். தம் பொற்கரத்தாலேயே பட்டாணியைச் சுவரோரம் நிறுத்தினார்.

"எண்பத்தெட்டு! போன வாரம் எவ்வளவு?"

"எண்பத்து நாலு சார். ஆனா..."

"ஒரே வாரத்துல நாலா? அபாரம்! அடுத்த குழந்தையைக் கூப்பிடுங்க."

அடுத்ததும் நான்கு. அதற்கடுத்ததும் நான்கு.

"சார், பிள்ளைங்க வளரலை. தரை உசந்திருக்கு."

"நாடே உசந்துட்டு இருக்கும்மா. தரை மட்டும் அங்கேயே கிடக்கணுமா?" என்றார் இயக்குநர். கூட வந்தவர்கள் உரிய அளவில் சிரித்தார்கள்.

மறுவாரம் உத்தரவு வந்தது. மேற்படி மையத்தில் 'வளர்ச்சிக் குறைபாடு முற்றாக நீங்கிவிட்டபடியால்' முட்டை நிறுத்தப்படுகிறது. கூடவே ஒரு பாராட்டுச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு. முட்டைக்குப் பதில் அதைக் குழந்தைகளுக்குக் காட்டினாள் அக்கா. யாரும் சாப்பிடவில்லை.

தையல் கடையில் வேலை பார்க்கும் பட்டாணியின் அம்மா சாயங்காலம் வந்து கேட்டாள்.

"இவ நாலு சென்டிமீட்டர் வளந்துட்டான்னு சொல்றாங்களே, நிஜமாக்கா? நான் தைச்ச போன வருஷத்துக் கவுன் இன்னும் முட்டிக்குக் கீழதான் தொங்குது."

"உன் கவுனுக்கு அரசாங்க முத்திரை இருக்கா? பேசாம போ," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அன்று ராத்திரியே காகிதம் எடுத்து உட்கார்ந்தாள்.

அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினாள். 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று நான்கு பதில் வந்தது. இரண்டு மாதம் ஓடிவிட்டது. பட்டாணி மறுபடியும் விளையாடாமல் மூலையில் உட்கார ஆரம்பித்தாள். அக்கா பேனாவை மூடிவைத்தாள். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கடப்பாரை இரவல் வாங்கி வந்து, அளவுகோலுக்கு நேர் கீழே இருந்த ஒரு டைலை, அடியிலிருந்த கலவையோடு நெம்பி எடுத்தாள். பழைய சிமெண்ட் தெரிந்தது. பிள்ளைகளை அந்தக் குழியில் ஒவ்வொருவராக நிறுத்தினாள். பட்டாணி எண்பத்து நான்கு. இரண்டு மாதத்தில் ஒரு நூல்கூட ஏறவில்லை. இருபத்திரண்டு பேருக்கும் உண்மை உயரத்தை எழுதிப் பதிவேட்டை அனுப்பினாள்.

கடிதத்துக்கு அசையாத அலுவலகம் இதற்கு அலறியடித்துக்கொண்டு வந்தது. மேற்பார்வை மேடம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கேட்டார்.

"நல்லா வளந்திருந்த பிள்ளைங்க எப்படிச் சுருங்குச்சு? சான்றிதழ் குடுத்த மையம் இது! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

உண்மையைச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்திருந்தது. அன்றைக்கு முதல் தடவையாகப் பொய் சொன்னாள்.

"முட்டையை நிறுத்தினீங்க மேடம். சுருங்கிடுச்சு."

மேடம் அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். குனிந்து குழியைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் எழுதினார்.

"சரி. காரணம் தெரிஞ்சுபோச்சு. குறைஞ்சதை நாளைக்கே அனுப்பி வைக்கிறோம்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பொய்க்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே! மறுநாள் காலையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். பட்டாணி மூலையை விட்டு எழுந்து வந்து, தன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது.

இறங்கியவர் கொத்தனார். தோளில் ஒரு சிப்பம் டைல்ஸ்.

"என்னண்ணே இது?"

"அந்தக் குழியை மூடச் சொன்னாங்கம்மா. மேல இன்னொரு அடுக்கும் போடணுமாம். பிள்ளைங்க போன தடவையைவிட நல்லா வளரணுமாம்."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

"முட்டை எங்கக்கா?" என்றாள் பட்டாணி.

கொத்தனார் அவள் முகத்தைப் பார்க்காமல் ரசீதை நீட்டினார். 'குழந்தைகளின் வளர்ச்சிக்குரிய பொருள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது. குறிப்பு ஏதேனும் இருப்பின் எழுதவும்' என்று அச்சடித்திருந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டாள். சிப்பத்தைப் பிரித்து ஒரு டைலை எடுத்தாள். கொதிக்கிற தண்ணீரில் மெதுவாக இறக்கினாள். மூடி போட்டாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து மத்தியானம் வரை காத்திருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் தெளிவாக எழுதினாள்:

'பெற்றுக்கொண்டோம். காலையிலிருந்து அடுப்பில் இருக்கிறது. இன்னும் வேகவில்லை. குழந்தைகள் கிண்ணத்தோடு காத்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் வேகவைக்க வேண்டும் என்று இயக்குநர் அவர்கள் நேரில் வந்து, ஒன்றைத் தின்று காட்டினால் உதவியாக இருக்கும்.'