சிவப்பு வண்டிக்கு ஒரு பார்ட்டி

டமார் என்று கேட்ட சத்தத்தில் அடுக்ககமே எழுந்து உட்கார்ந்தது. கீழே நின்ற ஸ்கூட்டர்களின் அலாரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கத்தத் தொடங்கின. மூன்றாவது மாடியில் யாரோ "சிலிண்டர்! சிலிண்டர்!" என்று அலறினார்கள்.

சிலிண்டர் எதுவும் வெடிக்கவில்லை. ரெங்கராஜ் தன் காரை ஸ்டார்ட் செய்திருந்தான்.

பெங்களூரில் மூன்றாவது சொந்தக்காரனாக அவன் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட். உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் கிட்டத்தட்ட தரையில் உட்கார வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ரெங்கராஜால் அதில் ஒரு தாரைக்கூட ஏற்ற முடியாது. ஆனாலும் ஸ்ரீரங்கத்தில் அவனைவிட அவன் காரைத்தான் அதிகம் பேருக்குத் தெரியும். பார்த்துத் தெரிந்தவர்களைவிடக் கேட்டுத் தெரிந்தவர்கள் அதிகம்.

மனைவி விஜயராணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஏழாவது மாதம்.

"ஏங்க, உள்ள இருக்கிறது உதைக்குது."

"சந்தோஷத்துல உதைக்கும்மா."

"பொறந்தப்புறம் அதை எங்க உக்கார வைக்கிறதா உத்தேசம்? பானெட்டு மேலயா?"

"அதான் விக்கிறேன்னு சொல்லிட்டேனே."

"மூணு மாசமா விக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. முடிஞ்சதும் நான் தொட்டியத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். பின்சீட்டு இருக்கிற வண்டியில வந்து கூப்பிட்டாத்தான் திரும்பி வருவேன். இல்லேன்னா பிள்ளைக்கு அங்கேயே ஸ்கூல் பாத்துருவேன்."

விஜயராணி சொன்னால் சொன்னதுதான். போன வருடம் "இனி சாப்பிடும்போது டிவி ஓடினா, டிவி இருக்காது" என்றாள். இப்போது அந்தச் சுவரில் காலண்டர் தொங்குகிறது.

கார் விற்காததற்குக் காரணம் அதன் புகைக்குழாய். அந்த மாடல் வண்டி திருச்சி வட்டாரத்திலேயே ஐந்துதான் உண்டு. ஐந்து சொந்தக்காரர்களும் சேர்ந்து 'மலைக்கோட்டை டர்போஸ்' என்று ஒரு கிளப் வைத்திருந்தார்கள். ஒருவர் வண்டியின் பின்னால் இறக்கை மாட்டுவார், இன்னொருவர் சக்கரத்தை மாற்றுவார். ஞாயிறு விடிவதற்குள் ஐந்து வண்டிகளும் வரிசையாக முக்கொம்புக்குப் போகும். அங்கே டீ குடித்துவிட்டு, பானெட்டைத் திறந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் ஆளாளுக்கு எட்டிப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். கிளப்பின் மொத்த சொத்திலும் பெரிய பெருமை, ரெங்கராஜ் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டிய இரட்டைக் குழாய்தான். அந்த வகை இப்போது எங்கும் கிடைப்பதில்லை.

வாங்க வருகிறவர்கள் வண்டியைச் சுற்றி வருவார்கள், சிரிப்பார்கள். சாவியைத் திருப்பியதும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்று மத்தியானம்தான் அந்த போன் வந்தது.

"வீரமலை பேசுறேங்க. முக்கொம்பு ரோட்டுல சத்தம் போட்டுக்கிட்டுப் போகுமே, சிவப்பு வண்டி. அதை விக்கிறீங்களாமே?"

ரெங்கராஜ் துள்ளி எழுந்தான். "ஆமாங்க! ஆனா சத்தமெல்லாம் பெரிசா இருக்காதுங்க."

"இருக்காதா?" எதிர்முனைக் குரல் சந்தேகப்பட்டது. "சனிக்கிழமை நேர்ல வர்றோம். காதால கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்."

சனிக்கிழமைக்குள் சத்தத்தை ஒழித்துவிடுவது என்று ரெங்கராஜ் தீர்மானித்தான்.

வாழை மண்டிக்காரனுக்குத் தெரிந்த ஒரே பேக்கிங் சாமான் வாழைச்சருகு. இரண்டு குழாயிலும் சருகைத் திணித்து, கம்பியால் இடித்து இறுக்கினான். ஸ்டார்ட் செய்தான். வண்டி ஒரு கணம் மூச்சை அடக்கியது. அப்புறம் இருமியது. புகைந்துகொண்டே கிளம்பிய சருகு உருண்டை பார்க்கிங்கைத் தாண்டி, அடுக்ககச் செயலாளர் சந்திரம்மாள் காயப்போட்டிருந்த கூழ்வடகத்தின் நடுவில் போய் விழுந்தது.

"ரெங்கராஜ்! இது வீடா, பட்டாசுக் கிடங்கா?"

"ஸாரிங்க மேடம். சத்தத்தைக் குறைக்கப் பாத்தேன்."

"நல்லாக் குறைச்சீங்க!"

மறுநாள் பாலக்கரையில் கலீமின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். கலீமும் கிளப் உறுப்பினன். ஐந்து வண்டிகளுக்கும் வைத்தியன் அவன்தான்.

"கம்பெனி சைலன்ஸரைத் திரும்ப மாட்டணும் மாப்ள. எங்க வச்சிருக்க?"

"எங்க வச்சிருக்கேனா? 'இந்தச் சனியன் என் கண்ணுலயே படக் கூடாது, எடைக்குப் போட்ரு'ன்னு சொன்னது யாரு?"

"நான் சொன்னா போட்ருவியா?"

"டீ வேற வாங்கிக் குடுத்துச் சொன்னியேடா!"

திருச்சியில் கம்பெனி சைலன்ஸர் மிச்சமிருந்த வண்டி ஒன்றுதான். அது கிளப் தலைவர் குத்புதீனின் மஞ்சள் கார். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவர், ரெங்கராஜின் குழாய்மீது இரண்டு வருடமாகக் கண் வைத்திருந்தார்.

"தாராளமா எடுத்துக்கங்க தம்பி. ஆனா என் வண்டி மொட்டையா ஓடாதே. உங்க குழாயை எனக்குக் குடுத்துருங்க."

"பாய், அது..."

"பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி கலங்காதீங்க. ராணி மாதிரி வச்சுக்குறேன், இன்ஷா அல்லாஹ்."

குழாய் கைமாறியது. குத்புதீன் கடைவீதியில் ஒரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். எதிர்க்கடை வாசலில் நின்ற பொம்மை சேலையோடு சாய்ந்தது. அவர் கண்களில் நீர் தளும்பியது.

சத்தம் போன பிறகுதான் ரெங்கராஜுக்கு மற்ற சத்தங்கள் கேட்டன. கதவு லொடலொடத்தது. சீட்டு கிறீச்சிட்டது. இறக்கை காற்றில் விசில் அடித்தது. இரண்டு வருடமாக இவை அத்தனையையும் அந்தக் குழாய் தனியாளாக மூடி மறைத்து வந்திருக்கிறது.

"எல்லாத்தையும் கழட்டு மாப்ள," என்றான் ரெங்கராஜ்.

கலீம் இறக்கையைக் கழற்றினான். சீட்டை மாற்றினான். கதவுக்குள் பஞ்சு அடைத்தான். குழாய்க்காகவே எழுதப்பட்ட என்ஜின் புரோகிராமை அழித்துப் பழையதை ஏற்றினான். கழற்றியதையெல்லாம் கூலிக்கு ஈடாகத் தானே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் வருத்தத்தோடு ஒரு செய்தி போட்டார். மாற்றம் எதுவும் செய்யாத வண்டி கிளப்பில் இருக்கக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவன் ரெங்கராஜ். அடுத்த நிமிடம் அவன் குழுவிலிருந்து நீக்கப்பட்டான்.

வண்டி அசல் பசுவாகிவிட்டது. அன்று மாலை பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது சந்திரம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் போய் நின்றது. அவர் திரும்பிப் பார்த்து, தயிர் பாக்கெட்டைக் கீழே போட்டார்.

"பேய் மாதிரி பின்னாடி வந்து நிக்கிறீங்களே! சத்தம் இருந்தாலாவது உயிர் பொழைக்கலாம்!"

இதைப் பாராட்டாகவே ரெங்கராஜ் எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் அடுக்கக வாசலில் ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த வெள்ளைச் சட்டைக்காரர் வீரமலை. கூடவே வயதான ஒரு அம்மாள், மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

"எங்க அத்தை, வெள்ளையம்மாள். பணம் அவங்ககிட்டத்தான் இருக்கு," என்றார் வீரமலை.

"வாங்க வாங்க. ஆனா இதுல ரெண்டு பேருதாங்க உக்கார முடியும்."

"யாரும் உக்காரப் போறதில்ல தம்பி."

ரெங்கராஜுக்குப் புரியவில்லை. விலை சொன்னான். வீரமலை பேரம் பேசாமல் தலையாட்டினார். மண்டியில் பதினைந்து வருடமாக இப்படி ஒரு பார்ட்டியை அவன் பார்த்ததில்லை. பால்கனியில் விஜயராணி தெரிந்தாள். வளைகாப்புச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியை நிறுத்திவிட்டுக் கவனித்தாள்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"முக்கொம்பு போற வழியில, ஆத்தோரம் ஒரு வளைவு வருமே. அந்த வளைவுலயே ஊரு."

"அட! நாங்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற இடமே அதுதானே! நீங்கள்லாம் ரோட்டுக்கு வந்து ரெண்டு கையையும் ஆட்டுவீங்களே!"

"ஆமா தம்பி. ஆட்டுவோம்," என்றார் வீரமலை. "சரி, ஸ்டார்ட் பண்ணுங்க."

ரெங்கராஜ் சாவியைத் திருப்பினான். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கோ ஒரு மாடியில் குக்கர் விசில் கேட்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

"பண்ணியாச்சுங்க."

வீரமலை குனிந்து பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். கூட வந்தவர்களில் இரண்டு பேர் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். வெள்ளையம்மாளின் முகம் வாடியது.

"இந்த வண்டிதானா அது?"

"சத்தியமா இதுதாங்க!"

"அது போட்ட சத்தம்?"

"எடுத்துட்டேங்க!" ரெங்கராஜ் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினான். "நீங்க கேட்டீங்களேன்னு, அடியோட எடுத்துட்டேன். இனிமே ஒரு பூனை படுத்திருந்தாக்கூட எழுந்திரிக்காது."

கூட்டம் விலகிப் போய்ச் சுவரோரம் நின்று குசுகுசுவென்று பேசியது. வெள்ளையம்மாள் மஞ்சப்பையின் வாயை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொருவராக வேனில் ஏறத் தொடங்கினார்கள்.

ரெங்கராஜ் அண்ணாந்து பார்த்தான். பால்கனியில் விஜயராணி மறுபடியும் தைக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஐயா, நில்லுங்க! சத்தம் பிடிச்சுத்தான் வந்தீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே! அந்தக் குழாய் எங்கேயும் போகல. பெரிய கடைவீதியில குத்புதீன் பாய் மஞ்ச வண்டியில இருக்கு. அவரு கையில கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வந்து, பழையபடி மாட்டித் தரேன்!"

வேனில் ஒரு காலை வைத்திருந்த வெள்ளையம்மாள் சட்டென்று இறங்கினாள். அவள் முகத்தில் மறுபடி களை வந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமையாவது கண்ண மூடுவோம்னு வீட்டுக்கு வீடு வரி போட்டு, அந்தச் சத்தத்த வெலைக்கு வாங்கிப் பாழுங்கெணத்துல தள்ளத்தான் வந்தோம் தம்பி, அந்த மஞ்ச வண்டிக்காரரு வீட்டுக்கு எப்படிப் போவணும்?"