நீர்மூழ்கிக்குள் சத்தம் கூடாது

“முதல்ல அந்த ‘டிங்... டிங்...’ சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க!”

படப்பிடிப்பு நின்றது. பிளைவுட்டால் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர், தொலைக்காட்சித் தொடருக்குப் புதிதாக வந்த கடற்படை ஆலோசகர். நிஜ நீர்மூழ்கியில், சத்தத்தை வைத்தே மற்ற கப்பல்களைக் கண்டுபிடிக்கும் சோனார் அறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வேலைக்குச் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

“சோனார்னா டிங்குன்னுதானே சார் இருக்கும்?” என்றார் டைரக்டர்.

“நாம டிங்குன்னா, ‘ஓ, அங்கதான் இருக்கியா’ன்னு எதிரி நேரா வந்துடுவான். நாங்க மூச்சு காட்டாம, வர்ற சத்தத்தைக் கேட்டுட்டு மட்டும்தான் இருப்போம்.”

டிங் போனது. கூடவே காட்சியின் உயிரும் போனது. ஈடுகட்ட, கேப்டன் வேஷக்காரரைப் பெரிஸ்கோப்பில் தொங்கவிட்டார் டைரக்டர். அவர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குழாயைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று வந்தார்.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

“புதுக் கப்பல்ல அதெல்லாம் கிடையாது சார். மேல கேமரா இருக்கும், உள்ள உக்காந்து திரையில பாத்துக்கலாம்.”

“அப்ப நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நடிக்கறது?” என்று கேப்டன் கேட்டார்.

“நாற்காலியை.”

கப்பலைத் திருப்புகிற பெரிய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வீடியோ கேம்ஸில் வருவதுபோல ஒரு சின்னக் கைப்பிடியை வைத்தார்கள். “கத்தாதீங்க, வெளிய கேக்கும்” என்று வசனத்தின் சத்தத்தையும் குறைத்தாகிவிட்டது. சாயங்காலம் பார்த்தால், எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சார், இது போர்க்கப்பலா, பாங்க்கா?” டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். “டோக்கன் மெஷின் ஒண்ணுதான் குறையுது. நாளைக்கு டிங் திரும்ப வரும். நீங்க வரவேண்டாம்.”

ஆலோசகரின் முகம் வாடிவிட்டது. அவர் மனைவி இந்தத் தொடரை ஒரு நாள்கூட விடமாட்டாள். “கடலுக்கு அடியில அப்படி என்னதான் பண்றீங்க?” என்று அவள் கேட்டபோதெல்லாம் “ரகசியம்” என்ற ஒரே பதில்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரே ஒரு தடவையாவது அவள் அதைப் பார்க்கவேண்டும்.

“ஒரு டேக் குடுங்க” என்று சொல்லி, அவரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோனார் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

“இந்தச் சடசடப்பு... இறால் கூட்டம். விட்டுடலாம். அதுக்குப் பின்னால, ரொம்பத் தூரத்துல ஒரு புரொப்பெல்லர். அஞ்சு இறக்கை. ஒரு இறக்கை அடிபட்டிருக்கு, தாளம் தப்புது.” சட்டென்று கையை உயர்த்தினார். “நின்னுடுச்சு. இப்ப அவன் நம்மளைக் கேக்கறான்.”

டீ கொண்டுவந்தவர் தட்டோடு உறைந்துபோனார். கேப்டனுக்கு நிஜமாகவே வியர்த்தது. டைரக்டருக்கு ‘கட்’ சொல்லவே மறந்துவிட்டது. சொன்னபோது, “இந்த வேஷம் உங்களுக்குத்தான் சார்” என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று சோபாவில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் கலங்கியிருந்தது. முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“நிஜமாவே இதுதான் உங்க வேலையா? அவ்வளவு தூரத்துல வர்றது உங்களுக்குக் கேக்குமா?”

“பின்ன?” அவருக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. “எத்தனை இறக்கைன்னு எண்ணியே சொல்லிடுவேன். வருஷா வருஷம் காதைச் சோதிப்பாங்க. ரிட்டயர் ஆன வருஷம்கூட நூத்துக்கு நூறு!”

“அப்ப, நான் சமையலறையிலேருந்து கூப்பிடறப்பல்லாம், ‘இன்ஜின் சத்தத்துல காது போயிடுச்சு’ன்னு சொல்லுவீங்களே... அது எந்தக் காது?”