இருபத்து நாலாவது கீ செயின்

பெட்டியில் இருபத்து நாலு கீ செயின் இருக்க வேண்டும். டீச்சர் மூன்றாவது தடவை எண்ணியபோதும் இருபத்து மூன்றுதான் இருந்தது.

காணாமல் போனது எங்கே என்று மூளையைக் கசக்க வேண்டிய அவசியமே இல்லை. நேற்று டீச்சரே கமுக்கமாகக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன சமாசாரம் அது. "எங்க பிள்ளைங்க வேலையைப் பாருங்க!" என்று கணவரிடம் பீற்றிக்கொள்ள ஆசை. திரும்ப எடுத்துவர மறந்து தொலைத்தாள்.

சிறப்புப் பள்ளியின் கைத்தொழில் வகுப்பு அன்றைக்குத் தரையிலேயே நிற்கவில்லை. தினமும் தங்களை ஏற்றி இறக்கும் பஸ்காரர்களுக்கு, டிப்போவுக்கே போய், தங்கள் கையால் செய்த பரிசைக் கொடுக்கப் போகிறார்கள். டிரைவர், கண்டக்டர் எல்லாம் சேர்த்து இருபத்து நாலு பேர். மூன்று மணிக்கு வண்டி. "வந்துடுச்சா? வந்துடுச்சா?" என்று ஜன்னலில் ஒரே அடிதடி.

ஒருத்தருக்கு மட்டும் இல்லையென்று எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளைகள் ஒரு மாதம் பாடுபட்டது தன்னால் சந்தி சிரிக்கப் போகிறதே! டீச்சர் மாடிப்படி ஓரமாக ஒதுங்கிக் கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அந்தக் கீ செயினை உடனே கொண்டு வாங்க!"

"அதுவா? எங்க மேனேஜர் பார்த்து அசந்துட்டாரும்மா. அவருக்கே குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"நீ யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தே?"

போனை வைத்துவிட்டாள்.

சரி, தானே ஒன்று பின்னிவிட்டால் போயிற்று. கயிறும் மணியுமாக ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தாள். மணி கோக்கிற வரைக்கும் ராஜபாட்டைதான். கடைசியில் ஒரு முடிச்சு வந்தது. அதை வகுப்பில் 'முடிச்சு மன்னன்' ஒருவன்தான் போடுவான். டீச்சருக்கு மேற்பார்வை மட்டும். சூட்சுமம் என்னவென்று பார்க்கப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மெல்லப் பிரித்தாள். பிரிப்பது பிரமாதமாக வந்தது. திரும்பப் போடத்தான் வரவில்லை.

இப்போது இருபத்திரண்டு.

முடிச்சு மன்னனிடம் போய் இளித்தாள். "ராஜா, அந்த முடிச்சை ஒருதரம் போட்டுக் காட்டேன். சும்மாதான்."

அவன் விரல் போன வேகத்தில் அவளுக்குக் கயிறே கண்ணில் படவில்லை. "அவ்ளோதான் டீச்சர்," என்று அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டான்.

"இன்னொரு தரம், மெதுவா?"

"மெதுவா போட்டா வராது டீச்சர். இருபத்து நாலும் போட்டாச்சு. என் வேலை முடிஞ்சுது." அவன் தலை சீவப் போய்விட்டான். கூட ரெண்டு போடு என்றால் ஏன் எதற்கு என்று வரும். டீச்சர் ஸ்டோர் ரூமுக்கே திரும்பினாள்.

குத்துமதிப்பாக இரண்டை முடித்த நேரத்தில் முழங்கை பட்டு மணி டப்பா கவிழ்ந்தது. சத்தம் கேட்டு வகுப்பே ஓடி வந்தது. "நாங்க பொறுக்கறோம் டீச்சர்!" டீச்சர் வேறு வழி தெரியாமல் அந்த இரண்டு கீ செயினின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி மணியைப் பொறுக்கும் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவை எந்த ஜாதிப் பொருள் என்றே தெரியவில்லை.

வாசலில் ஹாரன். இரண்டையும் பெட்டியின் அடியில் திணித்தாள்.

ஆனால் 'இன்ஸ்பெக்டர்' என்று பேரெடுத்த மாணவி பார்க்காமல் இந்த வகுப்பிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகாது. அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, இழுத்துப் பார்த்துச் சீட்டில் 'பாஸ்' முத்திரை குத்துவாள். நூல் பிசகினாலும் தள்ளுபடிதான். இருபத்திரண்டும் மளமளவென்று போயின. அடுத்த இரண்டை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். முடிச்சு மன்னனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் சுவர்க் காலண்டரை உன்னிப்பாகப் படித்தாள்.

டப். டப். முத்திரை விழுந்தது.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏமாந்துவிட்டார்கள்!

டிப்போவில் ஒரே கைதட்டல், விசில். இன்ஸ்பெக்டர்தான் விநியோகம். அந்த இரண்டும் அவர்கள் பஸ் டிரைவர் அண்ணனுக்கும் கண்டக்டர் அண்ணனுக்கும் போய்ச் சேர்ந்தன. டிரைவர் தன்னுடையதை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இதுல தலை எது, கால் எது?"

டீச்சர் முந்திக்கொண்டாள். "பிள்ளைங்க கைவேலைதானே... கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

சொன்ன கையோடு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தனை வெட்கம்.

இன்ஸ்பெக்டர் டிரைவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, டிப்போ முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணா, அது ரெண்டும் டீச்சர் பின்னுனது. நாங்க தெரிஞ்சேதான் பாஸ் போட்டோம். நல்லா இருக்குன்னு சொல்லுங்க, தட்டிக் குடுத்தா கத்துக்குவாங்க."