இத்தாலிக் காக்கா தூக்கிய பாரம்

கல்முனையில் தேத்தண்ணிக் கடை வைத்துக்கொண்டு இத்தாலியில் குடியிருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இத்தாலிக் காக்கா; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குத் தெரியும்; ஊருக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையற்காரராகப் போனவர். கப்பல் முதலாளி தலைமறைவாகிவிட, இத்தாலியில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் கப்பல் ஐந்து மாதம் கட்டிக் கிடந்தது. கப்பலாட்களுக்கு அந்த ஊர்ச் சனந்தான் ரொட்டியும் மீனும் கொடுத்துக் காப்பாற்றியது. ஊரின் பெயரை என்னிடம் மூன்று தரம் சொன்னார். அப்போது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர், மூன்றையும் குறித்துக்கொண்டேன். மூன்றும் வேறு வேறு பெயர்கள். தேசப்படத்தில் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்து கடை போட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரே கதை. பால் விடாத பிளேன்டி ஒன்று சொன்னால் இத்தாலியில் வேதக்கோயில் மணி அடிக்கும். ரொட்டி கேட்டால் வாணவேடிக்கை தொடங்கும். பசியோடு போனவர்கள் வாணவேடிக்கை முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

“நம்மட தர்காக் கொடியேத்தம் மாதிரித்தான் மகன். அவனுகளுக்கும் ஒரு அவுலியா, பெரிய மகான், இரிக்கார். நல்ல கோட வெயில்லதான் அவர்ர நாள் வரும். ஊட்டு ஜன்னலெல்லாம் பட்டுச் சீல தொங்கும். பேண்டு வாத்தியம் முன்னால போகும். இருபது ஆம்புளைகள் தோள்ல தூக்கிக்கிட்டுக் கடலுக்குக் கொண்டுபோய்த் தோணியில ஏத்துவானுகள்…”

“என்னத்தக் காக்கா தூக்குறானுகள்?” என்று யாராவது கேட்பார்கள்.

“பொறு மகன், பால் பொங்குது” என்று அடுப்புக்கு ஓடிவிடுவார்.

நாலு வருடம் அந்தப் பால் சரியாக அந்த இடத்தில்தான் பொங்கியது. கடையில் பால் இல்லாத நாட்களிலும் பொங்கியது.

நம் ஊரில் ஆண்கள் சேர்ந்து தோளில் தூக்கிப் போவது இறந்தவரின் மையத்தை வைக்கும் சந்தூக்குப் பெட்டியைத்தான். ஆகவே இத்தாலிக்காரன் தூக்குவதும் சந்தூக்குத்தான் என்று கடையில் இருந்தவர்கள் முடிவுகட்டினார்கள். கரைவலை மம்மாலி, வலை இழுக்கும் கூட்டத்தின் தலைவன், நல்ல உயரமான ஆள், அதைத் தீர்ப்பாகவே வாசித்தான்:

“பேண்டு அடிச்சு, வெடி கொளுத்தி, மையத்தத் தோணியில ஏத்திக் கடலச் சுத்திக் காட்டுறானுகளாம். பொறகு பத்திரமாத் திருப்பிக் கொண்டந்து வைக்கிறானுகளாம். வருசா வருசம் அதே மையத்து! இவர் கொழும்புத் துறைமுகத்தத் தாண்டல்ல. அங்க படுத்துக் கெனாக் கண்டிரிக்கார்.”

காக்கா கழுவிய கிளாசையே மறுபடி கழுவுவார்.

ஒரு நாள் ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை வெறிச்சோடியிருந்த நேரம். “என்னப் பத்தி ஒண்டு எழுதுங்களன் தம்பி. பொய்யன் இல்லெண்டு ஒருக்கா இந்த ஊர் சொல்லணும்” என்றார்.

“ஆதாரம் இல்லாம எழுதேலா காக்கா.”

காக்கா தேயிலைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

வெள்ளைச் சேட்டுப் போட்ட இத்தாலிக்காரர்கள் பத்தொன்பது பேர். அவர்கள் தோளில் பெரிய மேடை. மேடைமேல் அந்த ஊர் அவுலியாவின் சிலை. முன்வரிசையில் இருபதாவது ஆள் சாறனை மடித்துக் கட்டி, தலையில் தொப்பியோடு நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது.

“நான் வேடிக்கைதான் பாத்துக்கிட்டு நிண்ட. முன்னுக்குத் தூக்கின கிழவன் மயங்கி விழுந்துட்டான். சிலை சரியுது. அஞ்சு மாசம் தின்னத் தந்த ஊர், தம்பி. கையக் கட்டிக்கிட்டு நிக்கேலுமா? தோளக் குடுத்துட்டன்.”

“வாய் ஏன் தொறந்திரிக்கி?”

“பயத்துல நபி பேர்ல சலவாத்து ஓதின.”

இத்தாலிக்குப் போனதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. அதைக் காட்டினால் ‘பொய்யன்’ என்ற பெயர் போய், ‘சிலை தூக்கினவன்’ என்ற பெயர் வரும். பொய்யனிடம் ஊர் தேத்தண்ணி குடிக்கும். மற்றவனிடம் குடிக்குமா, ஸலாம் சொல்லுமா என்பது நிச்சயமில்லை. நான் எழுதவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கொடியேற்றம். கடலோரத் தர்காவுக்குக் காட்டிலிருந்து புதுக் கொடிமரம் லொறியில் வந்தது. மணலில் லொறி புதைந்துவிட்டது. பக்கீர்மார் றபான் மேளத்தோடு காத்திருக்கிறார்கள். மஃரிபுக்குள், பொழுது சாய்வதற்குள், கொடி ஏற வேண்டும். மம்மாலியின் ஆட்கள் மரத்தைத் தோளில் ஏற்றினார்கள். வலை இழுத்துப் பழகியவர்கள். ஏலேலோ போட்டு ஆளுக்கு ஆள் பலத்தைக் காட்டினார்கள். மரத்தின் தலை கடலுக்குப் போனது, வால் ஊருக்குப் போனது. பத்தடி நகர்வதற்குள் இரண்டு தரம் மரம் கீழே விழுந்தது. மரியாதைக்காக முன்னால் தோள் வைத்திருந்த மரைக்கார், தர்காவின் தலைவர், அறுபது வயது தாண்டியவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற காக்கா கிளாசுகளை மணலில் இறக்கினார். சாறனை மடித்துக் கட்டினார்.

“எல்லாரும் ஒசரத்துக்கு ஒசரம் சோடியா நில்லுங்க. மம்மாலி, நீ கொக்கு. நடுவுல நிண்டு என்ன மயித்துக்கு? முழுப் பாரமும் உன்ட தோள்லதான் கெடக்கு, பின்னுக்குப் போ. நான் தட்டுல ஒரு தட்டுத் தட்டினாக் குனியணும். ரெண்டு தட்டினாத் தூக்கணும். மூணுக்கு நடக்கணும். அரை அடிதான் வைக்கணும். வலக்கால் எல்லாருக்கும் ஒண்டாப் போகணும்.”

தட்டில் கரண்டியால் தட்டினார். மரம் எழுந்தது. பிறகு தட்டை என் கையில் திணித்துவிட்டு, மரைக்கார் விட்ட இடத்தில் தன் தோளைக் கொடுத்தார். நான் தட்டிக்கொண்டே போனேன். மரம் தோணிபோல் மெல்ல ஆடி ஆடி, ஒரு தரமும் மண்ணைத் தொடாமல் தர்கா வாசல்வரை போய்ச் சேர்ந்தது.

மரைக்கார் நொண்டிக்கொண்டு வந்தார். “இத எங்க படிச்சீங்க?”

“இத்தாலியில.”

யாரும் சிரிக்கவில்லை. மம்மாலி தோளைத் தடவிக்கொண்டு, கேலி இல்லாத குரலில் கேட்டான்: “அங்க என்னத்தக் காக்கா தூக்கின நீங்க?”

காக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். கடற்கரையில் அடுப்பு இல்லை, பால் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்.

“கொடிமரந்தான்” என்றேன். “போட்டோவ நான் பாத்திரிக்கன்.”

மம்மாலி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப மெய்தான் போயிரிக்கார்” என்றான்.

அதன்பிறகு கடையில் பால் பொங்கவே இல்லை. காக்காவின் கதையில் இத்தாலிக் கொடிமரம் வருடத்துக்கு ஐந்தடி வளர்ந்தது. யாராவது முகத்தைச் சுளித்தால், “நிருபர்ட்டக் கேளுங்க!” என்பார்.

காக்கா மவுத்தாகி அடக்கப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. போட்டோ இப்போது அவர் மகள் வீட்டுச் சுவரில், சாறனும் தொப்பியுமாகத் தொங்குகிறது. “எழுதுங்க” என்று மகளே சொன்னதால் எழுதுகிறேன்.

பத்திரிகையில் பிழை போனால் திருத்தம் போட வேண்டும். கொடிமரம் என்று நான் சொன்னது பிழை, அது சிலை. செய்தியின் மற்றப் பகுதியில் மாற்றம் எதுவுமில்லை: காக்கா இத்தாலிக்குப் போனார்.