பாம்பு என்று வந்த கூட்டுத்தொகை

சஃபேத்,
எலூல் மாதம், வியாழக்கிழமை

மரியாதைக்குரிய புலூமா அத்தைக்கு, நவோமி எழுதுவது. இங்கே எல்லாம் நலம், உங்கள் தம்பியின் புத்தி ஒன்றைத் தவிர. ஹைஃபாவின் கடற்காற்றில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் கல்யாணப் பேச்சு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் நான் ஒன்றைச் சொல்லவில்லை. "அப்பா, பாம்புக்கு வரும் அதே முந்நூற்று ஐம்பத்தெட்டுதான் மெசியாவுக்கும் வரும்" என்று சொல்லவில்லை. வாயில் ரொட்டி இருந்ததுபோல் நடித்தேன்.

பெயிண்ட் கடையை மூடியதிலிருந்து அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. ஜெபக்கூடத்தில் இலவசமாகக் கிடைக்கும் வாரத்தாளைப் பார்த்து இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். நம் எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், கூட்டினால் சொல்லுக்கு ஒரு தொகை, ஒரே தொகை வரும் சொற்களெல்லாம் உறவு, இவ்வளவுதான் சாத்திரம். பெரியவர்கள் ஆயுள் முழுக்க வேதம் படித்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் இனிப்பு தொட்டுக்கொள்வதுபோல் இதைத் தொட்டார்கள். அப்பா இனிப்பையே சாப்பாடாக்கிவிட்டார். பல் டாக்டரை மாற்றிவிட்டார், அவர் பெயருக்கும் 'வலி'க்கும் ஒரே தொகையாம். பல் டாக்டருக்கு வேறென்ன வரும், வசந்தமா? அம்மா ஆசையாக வாங்கிய சோபாவும் ஏதோ கூட்டலில் தோற்றுக் கடைக்கே திரும்பிப் போனது. இந்த நிலையில்தான் எல்கானாவின் வீட்டார் என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அப்பா உடனே காகிதக் கைக்குட்டையை விரித்துப் பென்சிலை எடுத்தார். நவோமி நூற்றெழுபது, எல்கானா நூற்று எண்பத்தாறு, ஆக முந்நூற்று ஐம்பத்தாறு. அதற்கு எந்தச் சொல்லும் அவருக்கு அகப்படவில்லை. புத்தியுள்ளவன் பென்சிலைக் கீழே வைத்திருப்பான். ஆனால் இதில் ஒரு சலுகை உண்டே, தொகை உதைத்தால் சொல்லுக்கு ஒன்று வீதம் சேர்த்துக்கொள்ளலாம் என்று! இரண்டு பெயர், இரண்டைச் சேர்த்தார்.

"பாம்பு!" என்றார்.

"எங்க?" என்று அம்மா காலைத் தூக்கிக்கொண்டாள்.

"இதுங்க ரெண்டு பேரையும் கூட்டினா பாம்பு வருது. இந்தச் சம்பந்தம் வேணாம்."

"ரெண்டைச் சேத்தது நீங்கதானே?"

"சேக்கலாம்னு இருக்கு."

"சேக்காமலும் இருக்கலாம்ல?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"நம்ம பேரைக் கூட்டிப் பாத்தீங்களா?"

"அப்ப எனக்குக் கணக்கு தெரியாது."

"அதனாலதான் கல்யாணம் நடந்துச்சு."

நான் வாயைத் திறந்திருந்தால் அன்றே ஜெயித்திருப்பேன். ஆனால் எண்ணால் வாங்கிய மாப்பிள்ளையை எண்ணாலேயே பறிகொடுக்கவும் நேரும். பிறகு வீடு, பிள்ளையின் பெயர், காய்ச்சல் மருந்து எல்லாமே பென்சிலிடம் அனுமதி கேட்க வேண்டும். எல்கானா பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். இந்த ஊரில் ஓர் எண்ணைக் கேட்டதும் "எந்தப் பஸ்?" என்று மட்டும் கேட்கும் ஒரே ஆண் அவர்தான். அவரை இழக்க எனக்கு மனமில்லை, அத்தை. அப்பா பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். உடனே கிளம்பி வந்து உலுக்குங்கள்.

வரும் ஆண்டின் ஏட்டில் உங்கள் பெயர் நல்ல பக்கத்திலேயே எழுதப்படட்டும்.

அன்புள்ள,
நவோமி

பி.கு.: உலுக்க வேண்டாம். கடிதத்தை உறையில் போடுவதற்குள் எல்கானாவே வந்துவிட்டார். அப்பா கதவைத் திறக்காமலே, "பாம்பு!" என்றார். "மெசியாவும் அதே தொகைதானே மாமா?" என்றார் அவர், வெளியில் நின்றபடியே. கதவு திறந்தது. அப்பா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இப்போது இருவரும் பால்கனியில் உட்கார்ந்து கல்யாண மண்டபத்தின் பெயரைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தேநீர் கொடுக்கும்போது கேட்டேன்.

"உன்னைப் பாத்த அன்னிக்கே கூட்டிட்டேன். எனக்குப் பாம்பு ஞாபகமே வரல."

கல்யாண நாளை மட்டும் நான் குறித்தேன். செவ்வாய்க்கிழமை, படைப்பின் வாரத்தில் அந்த ஒரு நாளைத்தான் கடவுள் இரண்டு முறை 'நல்லது' என்றார். இது கணக்கில் சேராது, அத்தை. அப்பா ஒப்புக்கொண்டார். சுக்கோத் பண்டிகை கழிந்து வரும் முதல் செவ்வாயன்று கல்யாணம்.